‘ஒரு மாதிரிக் கிடக்கு’: திருகோணமலையில் என் இரண்டாவது சிசேரியனும் தலைமாட்டில் நின்ற டொக்டரும்

பிள்ளைப்பேறு முடிந்து வந்தவர்கள் வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) எப்படி, வார்ட் எப்படி, மலசலகூடம் எப்படி என்றெல்லாம் எழுதுகிறார்கள். சிசேரியன் நடக்கும்போது தலைமாட்டில் நின்று எங்களை உயிரோடு வைத்திருப்பவரைப் பற்றி யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. நான் எழுதப்போவது அவரைப் பற்றித்தான். முதல் நாள் மாலை கட்டிலடிக்கு வந்து பேசுவதில் தொடங்கி, மறுநாள் தியேட்டரில் தையல் போட்டு முடியும்வரை மயக்க மருந்துப் பிரிவு செய்யும் வேலையைப் பற்றி. மருத்துவமனையின் பெயரைப் போடவில்லை. டொக்டர்மார் இடமாற்றத்தில் வருவார்கள், போவார்கள். ஒரு வேலை எப்படி நடந்தது என்பதுதான் அடுத்தவருக்கு உதவும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் சிசேரியன். இரண்டு தடவையும் மேசையில் எனக்கு மயக்கம் வந்தது. முதல் தடவை வந்தது ஆறு வருடம் என் நித்திரையைக் கெடுத்தது. இரண்டாவது தடவை வந்தது ஒரு நிமிடத்தில் வந்த வழியே போய்விட்டது.

நான் சின்ன வயதிலிருந்தே மயங்கி விழுகிற ஆள். பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று மூன்று தடவை விழுந்திருக்கிறேன். ரத்தம் சோதிக்க ஊசியைக் கையில் வைத்தால், ஊசி ஏறுவதற்கு முன்பே காது அடைக்கும், கண்ணுக்கு முன்னால் மஞ்சள் பூச்சி பறக்கும். “உடம்பில ரத்தம் காணாது” என்று அம்மா முருங்கையிலையும் ஈரலும் தந்து வளர்த்தார். ரத்தம் போதுமானதாகத்தான் இருந்தது. வளர்ந்து விஞ்ஞான ஆசிரியையாகி, பதினோராம் தரத்துக்கு, உடம்பு நினைக்காமலே தானாகச் செய்யும் தெறிவினையும், இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்பும் மெதுவாக்கும் பரபரிவு நரம்பும் படிப்பிக்கிறேன். இருந்தும் என் உடம்பில் நடப்பது அதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை.

முதல் பிள்ளை கிடைக்கும்போது கணவரின் வேலை காரணமாக வேறொரு மாவட்டத்தில் இருந்தோம். நோ வந்து பதினெட்டு மணித்தியாலம் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை, அவசரமாகத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மேசையில் இருத்தி, குனியச் சொல்லி, முதுகில் ஊசி போட்டார்கள். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் நெஞ்சுக்குள் என்னவோ காலியாகிப் போனது போல இருந்தது. “எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு” என்று சொன்னேன். “ஒண்டுமில்லை, பயத்தில அப்பிடித்தான் இருக்கும்” என்றது ஒரு குரல். திரும்பவும் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல வாய் எடுத்தது ஞாபகம் இருக்கிறது, சொன்னேனா என்று தெரியாது. சத்தமெல்லாம் கிணற்றுக்கு அடியில் கேட்பது போலத் தூரப் போய்விட்டது. கண் விழிக்கும்போது முகத்தைச் சுற்றி நாலைந்து பேர், யாரோ என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கையில் வெறும் சிரிஞ்ச். கொஞ்ச நேரத்தில் மகன் அழுத சத்தம் கேட்டது.

என்ன நடந்தது என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் சொல்லவில்லை. டயக்னோசிஸ் கார்டில் சிசேரியன் என்றும் முதுகு ஊசி என்றும் மட்டும் இருந்தது. என்னைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொல்லாமல் விட்ட அந்த ஒரு விஷயத்தை நான் ஆறு வருடம் வயிற்றில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு திரிந்தேன். இதயத்தில் ஏதோ பழுது இருக்கிறது, இன்னொரு பிள்ளை என்றால் நான் மேசையிலேயே போய்விடுவேன் என்று நினைத்தேன். மகன் தங்கச்சி வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் கதையை மாற்றினேன்.

சரி, இனி திருகோணமலைக்கு வருகிறேன்.

இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதத்திலேயே தலை மேலே, குந்தி இருந்தபடி கிடந்தது, தலைகீழாகத் திரும்பவேயில்லை. ஏற்கெனவே ஒரு சிசேரியன் தழும்பும் இருந்ததால் திகதி குறித்துவிட்டார்கள். கிளினிக்கில் நான் கேட்ட ஒரே விஷயம், முழு மயக்கம் தாருங்கள் என்பதுதான். உப்புவெளியில் எங்கள் பகுதி மிட்வைஃப் அக்காதான் முதலில் காரணம் கேட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கிளினிக் கார்டின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் “முந்தைய முதுகு ஊசியில் மயங்கியவர்” என்று எழுதிக் கோடு போட்டார். அந்தச் சிவப்புக் கோடு இல்லாவிட்டால் மற்றது ஒன்றும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அட்மிட் ஆன அன்று பார்வையாளர் நேரம் முடிந்து, கணவரும் மகனும் போன பிறகு மயக்க மருந்து டொக்டர் வந்தார். பெண், என்னைவிடச் சில வயது கூட இருக்கும். தெற்கிலிருந்து வந்தவர், தாய்மொழி சிங்களம். பிளாஸ்டிக் கதிரையை இழுத்து என் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். கார்டைப் பார்த்தார், சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார், “டீச்சர், முதல்ல இதைச் சொல்லுங்க” என்றார்.

அவர் கேட்ட கேள்விகளை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்தச் சேவையின் தரம் எனக்கு முதலில் தெரிந்தது இவற்றில்தான். நிற்கும்போது மயங்கினீர்களா, படுத்திருக்கும்போதா? ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்கியதுண்டா? ஊசியைக் கண்டு மயங்கினீர்களா, ஊசி ஏறிய பிறகா? மயங்குவதற்கு முன் ஏதாவது அறிகுறி வருமா, அல்லது விளக்கு அணைந்தது போலத் திடீரென்றா? நெஞ்சு படபடத்ததா? எவ்வளவு நேரத்தில் தெளிந்தீர்கள்? வீட்டில் யாராவது இள வயதில் திடீரென்று இறந்தார்களா? ஓடும்போது மயங்குவதும், அறிகுறியே இல்லாமல் விழுவதும், குடும்பத்தில் திடீர் மரணமும் இதயத்தை நன்றாகச் சோதிக்கவேண்டிய விஷயங்கள் என்று விளக்கினார். எனக்கு அவை எதுவும் இல்லை. இருந்தாலும் ஈ.சீ.ஜீ. எடுக்கச் சொல்லி, அந்தத் தாளை அங்கேயே நின்று வாசித்தார். “இதயம் நல்லா இருக்கு” என்றார். ஆறு வருடம் நான் கேட்கக் காத்திருந்த வசனம் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை.

அப்புறம், பையில் இருந்த கையுறை சுற்றிய வெள்ளைத் தாளை விரித்து, அதன் பின்பக்கத்தில் படம் கீறினார். ஒரு இதயம், கீழே இரண்டு கால், நடுவில் வயிறு. முதுகு ஊசியில் போவது பூப்பிவக்கெய்ன் என்ற விறைப்பு மருந்து, இரண்டு மில்லிலீற்றர் அளவுதான். முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழே, நாரிப் பகுதியில், முண்ணாணைச் சுற்றியுள்ள பாய்மத்தில் அதைப் போடுகிறார்கள். சிசேரியன் நோகாமல் இருக்க விறைப்பு மார்புக் காம்பு மட்டம்வரை ஏறவேண்டும். அது நோவைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும் நிறுத்துவதில்லை. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகளையும் நிறுத்திவிடும். குழாய்கள் தளர்ந்து விரியும், ரத்தம் காலிலும் வயிற்றிலும் தங்கும், இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும். மல்லாக்கப் படுத்தால் பிள்ளையின் பாரம் பெருநாளத்தை அமர்த்துவதால் இன்னும் குறையும். விறைப்பு இன்னும் கொஞ்சம் மேலே ஏறினால், இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லும் நரம்புகளும் விறைத்துப்போகும். அவை நெஞ்சின் மேற்பகுதி மட்டத்தில்தான் முண்ணாணிலிருந்து வெளியே வருகின்றன.

இதுவரைக்கும் எனக்கு விளங்கியது. பிரஷர் குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்ட வேண்டும், அதைத்தானே நான் வகுப்பில் படிப்பிக்கிறேன் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அங்கேதான் விஷயம் இருக்கிறது என்றார். சிலருக்கு, முக்கியமாக உங்களைப் போல இலகுவில் மயங்குகிறவர்களுக்கு, எதிர்மாறாக நடக்கலாம். ரத்தம் குறைந்த இதயம் தன் வெற்றுச் சுவரையே இறுக்கிப் பிழியும். அந்தச் சுவரில் உள்ள உணரிகள் இதயம் மிதமிஞ்சி உழைக்கிறது என்ற செய்தியை வேகசு என்ற பரபரிவு நரம்பு வழியாக மூளைத்தண்டுக்கு அனுப்பும். மூளை உடனே பிரேக் போடும். இதயம் மெதுவாகும், குழாய்கள் இன்னும் தளரும், பிரஷர் சடாரென்று இறங்கும். இதற்குப் பெயர் பெசோல்ட்–யாரிஷ் தெறிவினை.

நான் அந்தப் பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். பிறகு தேடி வாசித்தேன். 1867இல் பெசோல்ட், ஹிர்ட் என்ற இரண்டு பேர் வெராற்றம் என்ற நச்சுச் செடியின் சாற்றை விலங்குகளுக்கு ஏற்றியபோது இதயம் மெதுவாகி, பிரஷர் விழுந்து, மூச்சும் நின்றதைக் கண்டிருக்கிறார்கள். எழுபது வருடமளவில் கழித்து யாரிஷ் என்பவர் அது வேகசு நரம்பின் வழியாக நடக்கும் தெறிவினை என்று காட்டியிருக்கிறார். முதுகு ஊசியில் வரும் மயக்கம் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணமா என்று வைத்தியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஊசிப் பயத்தில் வருவதும் இதன் நெருங்கிய சொந்தக்காரன்தான், அதிலும் வேகசு நரம்புதான் பிரேக்.

டொக்டருக்கு நான் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டரைச் சொன்னேன். ஆவணியில் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். அப்போது மோட்டரைப் போட்டால் காற்றை இழுத்துக்கொண்டு வழமையைவிடப் பெரிய சத்தத்தில் கத்தும். உள்ளே இருக்கும் மாமி சத்தத்தைக் கேட்டுவிட்டு, மோட்டர் அளவுக்கு மிஞ்சி ஓடுகிறது என்று ஓடிவந்து சுவிட்சை நிறுத்திவிடுவார். தண்ணீர்தான் இல்லை, மோட்டரில் பிழை இல்லை. டொக்டர் இதைக் கேட்டு மேசையில் தட்டினார். இனி மாணவ டொக்டர்மாருக்கு இதைத்தான் சொல்லப்போகிறேன் என்றார்.

முழு மயக்கம் ஏன் தரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொன்னார். கர்ப்பிணியின் வயிற்றில் உள்ள அமிலம் மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து கூட, தொண்டை வீங்கியிருப்பதால் குழாய் போடுவது கடினம், மருந்து பிள்ளைக்கும் கொஞ்சம் போகும். தேவைப்பட்டால் அது தயாராக இருக்கும், ஆனால் உங்களுக்கு முதுகு ஊசிதான் பாதுகாப்பு என்றார். நான் சம்மதித்தேன்.

போகும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். அதில் தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: நோகுது, குளிருது, மூச்சு முட்டுது, சத்தி வருது. “நீங்க முதல் தடவை என்ன சொன்னீங்க?” என்று கேட்டார். “ஒரு மாதிரிக் கிடக்கு” என்று சொன்னேன் என்றேன். அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினார். வாந்தி வருவதற்கு முன் வரும் அந்தக் குமட்டலுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். ஓங்காளம் என்றேன். அதையும் எழுதினார். பிறகு சொன்னார்: பிரஷர் இறங்குவதை மெஷின் காட்டுவதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரியும், கைப்பட்டி காற்றடித்து அளக்க நேரம் எடுக்கும், ஓங்காளம் வந்தாலோ ஒரு மாதிரி இருந்தாலோ உடனே சொல்லவேண்டும், எத்தனை தடவை என்றாலும் சொல்லவேண்டும். “நீங்க சொன்னா நான் நம்புவேன்” என்றார்.

மறுநாள் தியேட்டர். மேசையில் இருத்தவில்லை. ஊசிக்கு மயங்குகிறவர்களுக்குப் படுத்தபடி போடுவது நல்லது என்று இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார். முழங்காலை வயிற்றோடு மடக்கிப் பிடிக்க ஒரு மிஸ்ஸி (தாதி) முன்னால் நின்றார். ஊசியைப் பார்க்க விடவில்லை. ஸ்பிரிட் பூசும் குளிர் முதுகில் பட்டவுடனேயே காது அடைக்கத் தொடங்கியது. டொக்டர் முதல் நாள் சொல்லித்தந்தபடி, இரண்டு கையையும் முஷ்டி பிடித்து, கால் தசையையும் இறுக்கி, பத்து வரை எண்ணி, மெல்லத் தளர்த்தித் திரும்ப இறுக்கினேன். தசை இறுகினால் ரத்தம் இதயத்துக்கு ஏறும், பிரஷர் இறங்காது. முப்பத்தைந்து வயதுவரை யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. காது திறந்தது. ரத்தம் கண்டும் ஊசி கண்டும் மயங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள், காசு செலவில்லாத வைத்தியம்.

ஊசி மெல்லியது, அதன் முனை பென்சில் முனை போன்றது என்று சொன்னார். 1898இல் ஜேர்மனியில் பியர் என்ற வைத்தியர் முதன்முதலில் இந்த முறையை நோயாளிகளுக்குச் செய்து, தனக்கும் செய்துபார்க்கப் போய், நாட்கணக்கில் தலையிடியோடு படுத்திருந்தாராம். அந்தத் தலையிடியைக் குறைக்கத்தான் ஊசியின் முனையை மாற்றியிருக்கிறார்கள். எனக்குத் தலையிடி வரவில்லை.

மருந்து ஏறியதும் முதலில் தெரிந்தது பாதம். இரண்டு பாதமும் கன்னியாவில் வெந்நீரில் கால் வைத்தது போல இதமாகச் சூடாகின. குழாய்கள் விரிகின்றன, ரத்தம் காலுக்கு இறங்குகிறது என்று எனக்கு விளங்கியது. என் சொந்த உடம்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. அதே நேரம் டொக்டர் சேலைனை வேகமாக விட்டார், மேசையை இடப்பக்கம் சரித்தார், சிரிஞ்ச் பம்பில் பினைல்எப்ரினைத் தொடங்கினார். தளர்ந்த குழாய்களை இறுக்கும் மருந்து அது. பிரஷர் விழுந்த பிறகு தூக்குவதைவிட விழாமல் பிடிப்பதுதான் இப்போதைய முறை. என் வழமையான மேல் பிரஷர் 118. அதில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே போகவிடமாட்டேன், 106க்கு மேல் வைத்திருப்பேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். வாந்தியைத் தடுக்கும் ஒண்டன்செட்ரோனும் ஊசிக்கு முன்பே தந்திருந்தார். அது இந்தத் தெறிவினையையும் கொஞ்சம் அடக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றனவாம்.

ஐஸ் துண்டைத் தொடையிலிருந்து மேலே வைத்துக்கொண்டு வந்தார்கள், எங்கே குளிருகிறது என்று கேட்டார்கள். நெஞ்சுக்குக் கிட்ட வந்த பிறகுதான் குளிர் தெரிந்தது. மெஷினின் டிக் டிக் சத்தம் காதுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு இடையில் உள்ள இடைவெளி நீண்டது. டிக். பிறகு, நான் மூச்சு இழுத்து விடும் நேரத்துக்குப் பிறகு, இன்னொரு டிக். நெஞ்சு காலியாகிறது. அதே பழைய கிணறு, சத்தமெல்லாம் அதற்குள் இறங்குகிறது.

“ஓங்காளம்” என்றேன். “ஒரு மாதிரிக் கிடக்கு.”

“தெரியும் டீச்சர்” என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கை ஊசிக்குழாயில் இருந்தது. மற்றக் கை என் தாடையின் கீழே, உள்ளங்கை சூடாக, அசையாமல். “துடிப்பு 44. அத்ரோப்பீன் போட்டாச்சு. எபெட்ரினும் போடுறன். எண்ணுங்க.” நான் எண்ணினேன். பதினேழு, பதினெட்டு. இருபத்தொன்றில் டிக் சத்தம் நெருங்கி வந்தது. முப்பதில் கூரை விளக்கு திரும்ப விளக்காகத் தெரிந்தது. ஒரு சொட்டு நினைவும் இந்தத் தடவை தவறவில்லை. அத்ரோப்பீன் என்பது எங்கள் வேலியோர ஊமத்தையிலும் இருக்கும் நஞ்சுதான். அளவோடு ஏறினால் வேகசு நரம்பின் பிரேக்கைக் கழற்றிவிடும். எபெட்ரின் பிரஷரைத் தூக்கும் மருந்து. (அதற்காக யாரும் ஊமத்தையைத் தொடவேண்டாம், பிள்ளைகள் உள்ள வீடென்றால் பிடுங்கி எறியுங்கள்.)

இதில் ஏன் இவ்வளவு அவசரம் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். பிள்ளைக்குப் போகும் ரத்தம் தாயின் பிரஷரை நம்பித்தான் இருக்கிறது. தாய்க்கு நீண்ட நேரம் இறங்கிக் கிடந்தால் நச்சுக்கொடிக்கு ரத்தம் குறையும். மகள் வெளியே வந்த உடனேயே அழுதாள், நல்ல பெரிய குரல்.

கருப்பையைச் சுருங்கவைக்கும் ஒக்சிரோசினை வேகமாக ஏற்றினாலும் பிரஷர் இறங்கும் என்பதால் மெல்ல மெல்ல ஏற்றினார். தையல் போடும்போது வயிற்றுக்குள் இழுப்பது தெரியும், அப்போதும் ஓங்காளம் வரலாம் என்று முன்கூட்டியே சொன்னார். வந்தது, கொஞ்சம்தான். சொன்னேன். சத்திரசிகிச்சை செய்தவரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார், அவரும் பொறுத்தார். இரண்டு டொக்டர்மாருக்கு நடுவில் என் சொல்லுக்கு இவ்வளவு இடம் இருந்தது எனக்குப் புதிது.

குறைகளையும் சொல்லவேண்டும். தியேட்டர் வாசலில் ட்ரொலியில் முக்கால் மணித்தியாலம் ஏசிக் குளிரில் கிடந்தேன், ஒரே ஒரு மெல்லிய துணி. பயந்த உடம்புக்கு அந்த முக்கால் மணித்தியாலம் பெரிது. முதல் நாள் என் மயக்கக் கதையை, அழுகையோடு சேர்த்து, பக்கத்துக் கட்டில்காரர் ஐந்து பேரும் கேட்டார்கள். ஒரு திரைச்சீலை இழுக்க இரண்டு நிமிடம் போதும். வெளியே நின்ற என் கணவருக்கு ஒன்றரை மணித்தியாலமாக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மயக்க மருந்து பற்றித் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை. நான் விஞ்ஞானம் படித்தவள், கேட்டு விளங்கிக்கொண்டேன். மூதூரிலிருந்தோ வெருகலிலிருந்தோ முதல் பிள்ளைக்கு வரும் ஒரு பெண் என்ன கேட்பாள்? அப்புறம், ஊசியில் சேர்க்கும் பென்டனில் என்ற நோவு மருந்து காரணமாக முகமும் மூக்கும் கடிக்கும் என்று முன்பே சொல்லியிருக்கலாம். அன்று மாலை வரை சொறிந்தேன், ஒவ்வாமை என்று பயந்தேன். உடம்பு நடுங்குவதும் அப்படியே. இரண்டும் தானாகவே போகும்.

என் கணிப்பில் இந்தச் சேவைக்குக் குறை சொல்ல இடம் இருக்கிறது, ஆனால் நடுப்பகுதி, அதாவது அந்த டொக்டர் தொட்ட பகுதி, நான் கண்டதில் மிக நல்லது. அரச மருத்துவமனை, ஒரு சதம் கட்டவில்லை. காசு கட்டி வாங்க முடியாத ஒன்றைத் தந்தார்கள்: என் சொல்லை நம்பினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் காலை அவர் திரும்பவும் வந்தார். நான் கேட்காமலே டயக்னோசிஸ் கார்டில் எழுதினார். முதுகு ஊசிக்குப் பின் இதயத் துடிப்பு 44 ஆகவும் பிரஷர் 78 ஆகவும் இறங்கியது, என்ன மருந்து எவ்வளவு போட்டேன், எத்தனை நிமிடத்தில் சரியானது, அடுத்த தடவை என்ன கவனிக்கவேண்டும் என்று நான்கு வரி. கீழே கையெழுத்து. அதைப் போட்டோ எடுத்துக் கணவரின் போனிலும் என் போனிலும் வைத்திருக்கிறோம், மூலப் பிரதி பிறப்புச் சான்றிதழ்களோடு இருக்கிறது.

திருகோணமலைப் பக்கம் திகதி குறித்திருக்கும் அம்மாமாருக்கு: மயங்கி விழுகிற பழக்கம் இருந்தால், சின்ன வயதில் விழுந்ததாக இருந்தாலும், வெட்கப்படாமல் சொல்லிக் கார்டில் எழுதுவியுங்கள். முதல் நாள் மாலை மயக்க மருந்து டொக்டர் வராவிட்டால் மிஸ்ஸியிடம் கேளுங்கள், வருவார்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக்கூடாது, எதுவரை தண்ணீர் குடிக்கலாம் என்று தெளிவாகக் கேளுங்கள். எனக்குச் சாப்பாடு ஆறு மணித்தியாலம் முன்பும், வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலம் முன்பும் நிறுத்தச் சொன்னார்கள். தேவையில்லாமல் முதல் நாள் மத்தியானத்திலிருந்து பட்டினி கிடந்து, நா வறண்டு போய் மேசையில் ஏறவேண்டாம். காலுக்கு மேசு போட்டுக்கொண்டு போங்கள், அந்த ட்ரொலி குளிரும்.

என் தங்கச்சிக்கு வருகிற மாசியில் திகதி. அவளும் என்னைப் போலத்தான், ஊசியைக் கண்டால் சுவரைப் பிடிப்பாள். போன கிழமை அவளுடைய கிளினிக் கார்டை வாங்கி, முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து முஷ்டி பிடித்துப் பத்து வரை எண்ணப் பழக்கியிருக்கிறேன். மகனும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினான்.